பஜனையில் வந்த சந்தோஷம்: இசையா, மூச்சா, கூட்டமா?

அரசலாற்றங்கரை

சாமி கும்பிடுவதில் பெரிய நாட்டம் உள்ளவன் இல்லை நான். கும்பகோணம் பக்கம் உரக்கடை. பட்டத்துக்குப் பட்டம் கடன் கொடுப்பதும், அறுவடை முடிந்ததும் வசூலுக்கு அலைவதுமாகப் பொழுது போகிறது. அம்மாவுக்குத்தான் பஜனை என்றால் உயிர். சுற்றுவட்டாரத்தில் எங்கே ராதா கல்யாணம் (ராதைக்கும் கிருஷ்ணனுக்கும் பாடியே கல்யாணம் செய்துவைக்கும் பஜனை விழா) நடந்தாலும் கொண்டுபோய் விட வேண்டும். முடியும்வரை நான் காரில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சமீபத்தில் ஓர் ஊரில் செம மழை. கார் நின்ற இடத்தில் தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது. காரை மேட்டில் ஏற்றிவிட்டு மடத்துக்குள் போய் ஓரமாக உட்கார்ந்தேன். தோடய மங்களம், குரு தியானம், அஷ்டபதி, தரங்கம், பஞ்சபதி என்று ஒரு வரிசை உண்டாம். அந்த வரிசையைக் கட்டிக்கொடுத்தவர் மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் என்று அம்மா சொல்வாள். எனக்கு அதெல்லாம் காதில் விழுந்தது, அவ்வளவுதான். அப்புறம் திவ்யநாமம் வந்தது. நடுவில் குத்துவிளக்கை வைத்துச் சுற்றிச் சுற்றி வந்து பாடுகிறார்கள். என் பக்கத்தில் முழங்காலில் பட்டை கட்டிய ஒரு பெரியவர். அவரால் எழுந்து சுற்ற முடியாது. தன் ஜால்ராவை என் கையில் திணித்து, "போங்கோ, போங்கோ" என்று முதுகைத் தள்ளினார். அந்தக் கயிற்றை விரலில் எப்படிச் சுற்றிக்கொள்வது என்றுகூட எனக்குத் தெரியாது. தாளம் தப்பியது. முன்னால் போனவர் திரும்பிப் பார்த்து முறைக்கவில்லை, தன் கையை உயர்த்தித் தட்டிக் காட்டினார். மெதுவாக ஆரம்பித்த நாமாவளி (சாமி பெயர்களை அடுக்கிப் பாடுவது), கொஞ்சம் விறுவிறுப்பாகி, கடைசியில் ஓட்டமாகவே ஆகிவிட்டது. அந்த ஓட்டத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். எதற்கென்று தெரியாத சிரிப்பு. வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் இறங்கவில்லை.

முன்பு பணம் கட்டி ஒரு தியான வகுப்புக்குப் போனதுண்டு. அங்கே எனக்கு வந்தது கொட்டாவிதான். அதனால் கேட்கிறேன்: இது இசையா, மூச்சா, கூட்டமா, இல்லை நிஜமாகவே சாமியா?

இரவுப்பணி

அண்ணா, நான் தஞ்சாவூரில் நர்ஸ். நீங்கள் கேட்டதில் மூச்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நாமாவளி எப்படிப் போகிறது பாருங்கள். பஜனையை நடத்தும் பாகவதர் ஓர் அடி பாடுகிறார், அந்த நேரத்தில் நீங்கள் மூச்சை இழுத்துக்கொள்கிறீர்கள். அதே அடியை நீங்கள் திருப்பிப் பாடும்போது மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகிறது. இழுப்பது சட்டென்று, விடுவது நிதானமாக. யாரும் சொல்லித்தராமலே மணிக்கணக்கில் இதைச் செய்கிறீர்கள். 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்ல வைத்தார்கள், 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற மந்திரத்தையும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நமக்கு 12 முதல் 20 வரை ஓடும். மூச்சு அப்படி இறங்கும்போது இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஒரே லயத்தில் ஏறி இறங்குகின்றன.

23 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. இதை வைத்துக்கொண்டு பிரஷர் மாத்திரையை நிறுத்துகிற ஆட்களை வார்டில் பார்க்கிறேன், தயவுசெய்து யாரும் அந்த வேலை செய்யாதீர்கள். இன்னொன்று, மூச்சு அமைதிக்குத்தான் காரணம் சொல்லும். நீங்கள் சொல்வது அமைதி இல்லை, சிரிப்பு. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடைமடை

தோழர், மழைக்கு ஒதுங்கிய உங்களை மடத்துக்குள் விட்டார்கள். நல்லது. ஆனால் அந்த மடங்கள் பெரும்பாலும் அக்ரகாரத்தில் இருந்தவை. அங்கே யார் திண்ணைவரை வரலாம், யார் தெருவுக்குள்ளேயே வரக்கூடாது என்ற கணக்கு எங்கள் தாத்தா காலத்தில் கறாராக இருந்தது. வைத்தீஸ்வரன்கோயில் பக்கத்துத் திருப்புன்கூரில் நந்தனாருக்காக நந்தி விலகியது என்று கொண்டாடுகிறோம். நந்தி விலகியது சரி, அவர் உள்ளே போனாரா? வெளியே நின்றுதானே பார்த்தார்?

சந்தோஷத்துக்கு வருகிறேன். நான் திருத்துறைப்பூண்டி பக்கம். என் அம்மா நடவுக்குப் போனவள். ஒருத்தி பாட்டெடுப்பாள், மற்றவர்கள் குனிந்தபடியே வாங்கிப் பாடுவார்கள். நர்ஸம்மா சொன்ன அதே கணக்கு: ஒருவர் பாட மற்றவர் மூச்சு வாங்குவது. சேற்றில் நின்று, இடுப்பு ஒடிந்து, அரை வயிற்றோடு அவர்கள் சிரித்த சிரிப்பை நான் வரப்பில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதற்கு யாரும் தியானம் என்று பெயர் வைக்கவில்லை. இப்போது எங்கள் பக்கம் நடவு மெஷினும் வடமாநிலத் தொழிலாளர்களும்தான். பாட்டு போய்விட்டது. ஆக, காரணம் சாமி இல்லை, கூட்டமும் தாளமும்தான்.

பண்முறை

கடைமடை ஐயா சொன்ன முதல் பாதியை மறுக்க மாட்டேன். இரண்டாவது பாதியில் கொஞ்சம் வேறுபடுகிறேன். தாளமும் கூட்டமும் போதும் என்றால் திருவிழாக் கடைத்தெருவில் போட்டுவிடும் குத்துப்பாட்டும் அதே வேலையைச் செய்ய வேண்டும். எனக்குச் செய்யவில்லை.

நான் ஓதுவாரிடம் தேவாரம் படித்தவன். மேடைப் பாடகன் இல்லை, வங்கி வேலை. ஒரு பதிகத்தில் பத்து அல்லது பதினொரு பாட்டு இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பண் (ராகம் மாதிரி), ஒரே நடை. முதல் இரண்டு பாட்டுவரை மெட்டு சரியாக வருகிறதா என்று பயந்துகொண்டிருப்போம். நாலாவது பாட்டுக்குள் மெட்டு உடம்பில் உட்கார்ந்துவிடும், அப்புறம் அதை நினைக்க வேண்டியதில்லை. அங்கேதான் மனசுக்கு இடம் கிடைக்கிறது. கச்சேரியில் ராகம் பாடுகிறவர் அடுத்த சங்கதி என்ன என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டும். பதிகத்தில் தேட ஒன்றும் இல்லை. என் அனுபவத்தில் சந்தோஷம் வருவது அந்த ஐந்தாவது, ஆறாவது பாட்டுப் பக்கம்தான்.

ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் (அதாவது தேவாரம்) பாட 48 பேரையும், உடன் உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் நியமித்ததைக் கல்வெட்டில் வெட்டிவைத்திருக்கிறான். 48 குரல் ஒரே பண்ணில், அந்தக் கருங்கல் பிராகாரத்தில்! அதைக் கேட்க முடியாமல் போனதே என்பது என் தீராத குறை. இன்று பல ஊர்களில் ஓதுவார் பணியிடம் காலியாகத்தான் கிடக்கிறது.

கடைமடை

பதிகத்தின் பத்தாவது பாட்டை என்ன செய்வீர்கள்? சம்பந்தர் ஊருக்கு ஊர் சமணரையும் பௌத்தரையும் திட்டியிருப்பாரே. ஐந்தாவது பாட்டில் வந்த ஆனந்தம் அங்கே இறங்கிவிடாதா?

பண்முறை

நேர்மையான கேள்வி. என் ஆசிரியர் பாடினார், நானும் பாடுகிறேன். அந்த இடம் வரும்போது எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை. ஏழாம் நூற்றாண்டின் சண்டை அது, எனக்கும் எந்தச் சமணருக்கும் இன்று தகராறு இல்லை. பாட்டை வெட்டி எறியும் உரிமையும் எனக்கு இல்லை என்று நினைக்கிறேன். இதற்கு மேல் விளக்கம் கேட்காதீர்கள்.

சீவாளி

எல்லோரும் வாயால் பாடுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாக நாயனம். நர்ஸம்மாவுக்கு மூச்சு அமைதி, எங்களுக்கு மூச்சு வேலை. தம் பிடிக்கவில்லை என்றால் பிழைப்பு இல்லை.

சீவாளி என்றால் நாதஸ்வரத்தின் வாயில் செருகும் நாணல் தட்டை. திருவாவடுதுறையில் செய்வார்கள், நாணல் ஆற்றங்கரையிலிருந்து வரும். கருவி நரசிங்கம்பேட்டையில், ஆச்சா மரத்தில் கடைவது. 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கொடுத்தார்கள். புதுச் சீவாளி முரண்டு பிடிக்கும். எச்சில் ஊறி, வாய்க்குப் பழகி, ஒரு பக்குவத்துக்கு வந்தால்தான் சொன்ன பேச்சைக் கேட்கும்.

எனக்குச் சந்தோஷம் எப்போது வருகிறது என்று சொல்கிறேன். சாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டையில் மல்லாரி வாசிக்கும்போது கம்பீரம் வரும், சந்தோஷம் வராது. பத்துப் பேர் போனைத் தூக்கிப் படம் பிடிப்பார்கள், கவனமெல்லாம் அங்கே போய்விடும். கல்யாணத்தில் கேட்கவே வேண்டாம், கெட்டிமேளத்துக்கு எப்போது விரலை ஆட்டுவார்கள் என்று மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அர்த்தசாமம் முடிந்து பள்ளியறைக்குச் சாமி போகும்போது நீலாம்பரி ராகம் வாசிப்போமே, அப்போதுதான். குருக்கள், மெய்க்காவல்காரர், பால் வாங்க வந்த ஒரு பாட்டி. கேட்க ஆளே இல்லை. அந்த நேரத்தில் தப்பாக வாசித்தாலும் கேட்பாரில்லை, ஆனால் தப்பே வராது. அது ஏன் என்று எங்கப்பாவைக் கேட்டேன். "வாசிடா" என்றார்.

அப்புறம் ஒன்று. திருவாரூர்க் கோயில் சிவன், தியாகராஜர், ஆடுவது அஜபா நடனம். திருமாலின் மார்பில் இருந்து, அவர் மூச்சு ஏறி இறங்க ஏறி இறங்க ஆடியது என்பது ஐதீகம். வாய் திறந்து சொல்லாத ஜபம், மூச்சே ஜபம். தியாகராஜர் இருக்கும் சப்தவிடங்கத் தலம் ஏழுக்கும் ஏழு ஆட்டம் உண்டு. நாகப்பட்டினத்தில் கடல் அலை மாதிரி தரங்க நடனம். திருநள்ளாற்றில் உன்மத்த நடனம், பித்தன் ஆட்டம். உரக்கடை அண்ணனுக்கு வந்த சிரிப்பு திருநள்ளாற்றுக் கணக்கு. தியான வகுப்பில் அவரைத் திருவாரூர் ஆட்டம் ஆடச் சொன்னால் கொட்டாவிதானே வரும்?

அரசலாற்றங்கரை

சீவாளி அண்ணே, இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "உனக்குப் பித்துதான், எனக்கு அப்பவே தெரியும்" என்கிறாள்.

தென்னந்தோப்பு

வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பர் 16, கஜா புயல். பேர் சொன்னாலே எங்கள் ஊர்க்காரர்களுக்குப் போதும். அப்பா வைத்த மரங்கள் ஒரே ராத்திரியில் போயின. அதற்கப்புறம் பல மாதம் நான் யாரிடமும் பேசவில்லை. மகள் போனில் ஒரு தியானச் செயலியைப் போட்டுத் தந்தாள். "உங்கள் எண்ணங்கள் மேகம்போல மிதந்து போகட்டும்" என்று ஒரு பெண் குரல் வரும். மேகம் என்றாலே எனக்கு வேறு ஞாபகம்.

பக்கத்துக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு நடந்தது. சிறுவர்களுக்கானது. பேரனைக் கொண்டுவிடப் போய் நானும் பின்னால் உட்கார்ந்தேன். எனக்குக் குரல் கிடையாது, சுருதி என்றால் என்ன என்றும் தெரியாது. ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பிலும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் வண்டியில் உரமூட்டையோடு வரும்போது, பழம்பஞ்சுரம் என்ற பண்ணில் படித்த பதிகத்தை நானாகவே சத்தமாகப் பாடிக்கொண்டு வருகிறேன். எதிரே வந்த பஸ் டிரைவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அப்போதுதான் கவனித்தேன், மனசு லேசாக இருந்தது. கடன் அப்படியேதான் இருந்தது. நட்ட கன்றுகள் அப்போது இடுப்பு உயரம்.

பண்முறை

தென்னந்தோப்பு ஐயா, பழம்பஞ்சுரம் இன்றைய சங்கராபரணம். நல்ல வெளிச்சமான ராகம். உங்கள் ஆசிரியர் ஆளறிந்துதான் கொடுத்திருக்கிறார் போல. இந்தப் பதிகம் பாடினால் கடன் தீரும், அந்தப் பதிகம் பாடினால் கல்யாணம் ஆகும் என்று அட்டை அச்சடித்துக் கொடுப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. நீங்கள் எழுதியதைப் படித்தபோது அந்தக் கோபம் சரிதான் என்று பட்டது.

நாகூர்க்காரன்

இந்தப் பேச்சில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை மாலை மயங்கினால் எங்கள் கணக்கில் வெள்ளி இரவு. தர்காவில் அன்று கூட்டம் நெரியும், பாதிப் பேர் இந்துக்கள். அங்கே உள்ள ஐந்து மினாராக்களில் உயரமானதைக் கட்டித் தந்தவர் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங். உங்கள் பஜனையில் அபங்கம் என்று மராத்திப் பக்திப் பாட்டு பாடுகிறீர்களே, அதுவும் அந்த மராட்டியர் காலத்து உறவுதான்.

எங்கள் தெருவில் ராத்திபு என்ற கூட்டுத் துதி ஓதுவோம். எதிரெதிர் வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து சொல்வது. திக்ரு (இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது) ஏற ஏறத் தலை தானாக அசையும், தோளோடு தோள் உரசும். நர்ஸ் அக்கா சொன்ன மூச்சுக் கணக்கை நானும் பொருத்திப் பார்த்தேன், அப்படியே ஒத்துப்போகிறது. ஃபக்கீர்கள் தாயிரா என்ற தோல் பறையை அனலில் காட்டிச் சூடேற்றித் தட்டும்போது எழும் சத்தம் நெஞ்செலும்பில் வந்து விழும். இதெல்லாம் மார்க்கத்தில் இல்லை என்று சொல்லும் தம்பிமார்களும் ஊரில் இருக்கிறார்கள், என் மச்சானே ஒருவர். அவரோடு சண்டை போட்டு ஓய்ந்துவிட்டேன். மௌலூது (நபி புகழ்ப் பாட்டு) முடிந்து கொடுக்கும் நெய்ச்சோற்றுக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுவார்.

கடைமடை

பாய், அந்த மச்சான் எல்லா மதத்திலும் இருக்கிறார்.

என் கட்சியை நான் விடவில்லை. ஆனால் சீவாளி சொன்ன பள்ளியறை விஷயம் உறுத்துகிறது. அங்கே கூட்டமே இல்லையே. கூட்டமும் தாளமும்தான் காரணம் என்றேன். தென்னந்தோப்பு அண்ணனும் வண்டியில் தனியாகத்தான் இருந்திருக்கிறார். இரண்டு பேரும் முன்பு பலரோடு சேர்ந்து பழகியதைத் தனியாகச் செய்தார்கள் என்று சமாளிக்கலாம். எனக்கே திருப்தியாக இல்லை.

இன்னொரு புகார். மார்கழி பிறந்தால் விடிகாலை நாலரைக்கே கோயில் கோபுரத்தில் குழாய் ஒலிபெருக்கி. பக்தி உள்ளவர் எழுந்துபோய்ப் பாடட்டும். இரவு முழுக்க வயலில் தண்ணீர் கட்டிவிட்டு வந்து படுத்தவன் காதில் ஏன் ஊற்ற வேண்டும்?

இரவுப்பணி

நைட் டியூட்டி முடித்து வருகிறவள் என்ற முறையில் அந்தப் புகாரை நூறு சதவீதம் ஆமோதிக்கிறேன். மார்கழியில் தெருவில் நடந்தே பாடிப்போகும் பஜனை கோஷ்டி மட்டும் விதிவிலக்கு. அந்தச் சத்தம் வருகிறது, வாசலைக் கடக்கிறது, போய்விடுகிறது.

திருமூலர் சொன்னபடி மூச்சுப் பயிற்சி செய்யலாமா என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருக்கிறார். திருமந்திரக் கணக்கு பதினாறு மாத்திரை (கண்ணிமைக்கும் நேர அளவு) இழுத்து, அறுபத்து நாலு அடக்கி, முப்பத்திரண்டு விடுவது. புத்தகத்தைப் பார்த்து நேராக அறுபத்து நாலு அடக்க முயல வேண்டாம். இதயக் கோளாறு, இரத்த அழுத்தம், கர்ப்பம் உள்ளவர்கள் அடக்கும் வேலையே வைத்துக்கொள்ளாதீர்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் போதும். உதட்டை மூடி ஒரே சுருதியில் 'ம்ம்ம்' என்று இழுத்தாலே அது தானாக நடந்துவிடும்.

அரசலாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த ராதா கல்யாணத்துக்கு நானே வேட்டி கட்டிக்கொண்டு, அம்மாவுக்கு முன்னால் கிளம்பிப் போனேன். ஒன்றும் வரவில்லை. கால் மரத்துப்போனதுதான் மிச்சம். யாரோ "கோபிகா ஜீவன ஸ்மரணம்" என்று குரல் கொடுக்க, எல்லோரும் "கோவிந்தா கோவிந்தா" என்றபோது நானும் சொன்னேன், கடையில் பில் போடுவதுபோல. கடுப்பாகிவிட்டது.

அதற்கப்புறமும் போய்க்கொண்டிருக்கிறேன். சில தடவை வருகிறது, பல தடவை வருவதில்லை. வரும் நாட்களில் எப்படியும் முதல் ஒரு மணி நேரத்துக்கு அப்புறம்தான், அதுவரை முதுகுவலி. நான் பாடும்போது வருகிறது, பிறர் பாடிக் கேட்கும்போது வருவதில்லை. யூடியூபில் அதே நாமாவளியைப் பெரிய பாகவதர்கள் பிரமாதமாகப் பாடியிருக்கிறார்கள், கேட்டேன், ரசித்தேன், அவ்வளவுதான். முழங்கால் பெரியவரிடம் இதைச் சொன்னேன். "வந்தா வரட்டும், வராட்டா பிரசாதம் இருக்கே" என்றார். சாமியா இல்லையா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு அவசரம் இல்லை என்று தோன்றுகிறது.

புதுவரவு

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சென்னையில் இருக்கிறோம், பூர்வீகம் மன்னார்குடி. முன்பின் பழக்கம் இல்லாமல் போய் உட்கார எது தோதான இடம்?

அரசலாற்றங்கரை

கோவிந்தபுரத்தில் போதேந்திராள் அதிஷ்டானம், அதாவது அந்த மகானின் சமாதி. அங்கே ராம நாமம்தான், வரிசை, பாடாந்திரம் (பாடும் முறை) எதுவும் தெரிய வேண்டாம். திருவிசநல்லூரில் கார்த்திகை அமாவாசைக்கு ஸ்ரீதர ஐயாவாள் மடத்துக் கிணற்றில் கங்கை வந்ததாகச் சொல்லிக் குளிக்க வருவார்கள். பஜனைக்கு நல்ல நேரம், ஆனால் கூட்டம் தாங்காது. திருவையாற்றில் பாடகர் தியாகராஜ சுவாமிகளின் ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியன்று. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்களில் அவருடைய ஐந்து கீர்த்தனையும் வரிசையாகப் போகும். வித்வான்களுக்குத் தனி இடம், நாம் பின்னால் மண்ணில் உட்கார்ந்து முணுமுணுக்கலாம்.

பண்முறை

தேவாரம் வேண்டுமானால் சித்திரைச் சதயத்தில் திருப்புகலூர் போங்கள், அப்பர் முக்தியடைந்த ஊர். நன்னிலத்திலிருந்து பக்கம்.

நாகூர்க்காரன்

அங்கிருந்து நாகூரும் பெரிய தூரம் இல்லை. வாங்க.

புதுவரவு

நன்றி. ஒரு சின்னச் சந்தேகம். வீட்டில் நானும் மனைவியும் சேர்ந்து பாடிப் பழகலாம் என்று சுருதிப்பெட்டி வாங்கினோம். என் குரல் ஒரு கட்டைச் சுருதி, அவளுக்கு அதைவிட உயர்ந்த ஐந்து கட்டை. ஒருவருக்கு வைத்தால் மற்றவருக்கு எட்டவில்லை.

சீவாளி

அவங்க சுருதியிலேயே வையுங்க, நீங்க கீழ் ஸ்தாயியில் முனகுங்க. உங்களுக்கு மேலே போகாத இடத்தில் வாயை மூடிக்கிட்டுத் தாளம் போடுங்க. எங்க வீட்டில் அப்படித்தான் நடக்குது.